காது நேரம்

விளக்கறை ஜன்னலில் உட்காருகிறவளுக்கு முகங்களைவிட வில்லைகள்தான் பழக்கம். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை என்னிடம் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிக்கொண்டு போவான். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையைத் திரும்ப வாங்கிக்கொள்வான். வேலை முடிந்த பிறகும் ஆணியில் ஒரு வில்லை தொங்கினால் உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று அர்த்தம். பதினேழு வருஷமாக இதே ஜன்னல். படிப்பு எட்டாவது, நாக்கு மட்டும் எம்.ஏ. என்று என் புருஷன் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரே ஒரு வில்லை தொங்கியது. முட்டுக்காரருடையது.

கூரை இறங்காமல் மரத்தாலும் இரும்பாலும் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறவர் அவர். உள்ளே கூரை முனகினால் அவருக்குத்தான் முதலில் மூக்கு வியர்க்கும். அன்றைக்கும் முனகியிருக்கிறது. பதினோரு பேரையும், "வெளிய போங்கடா, நின்னு பேசாதீங்க" என்று விரட்டிவிட்டு, இன்னும் ஒரே ஒரு முட்டு வைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போயிருக்கிறார். பதினோரு பேர் ஏறி வந்து விளக்கைக் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது விளக்கு வரவில்லை. தரை ஒரு தடவை அதிர்ந்தது. என் மேஜையிலிருந்த டீ தளும்பியது.

உள்ளே போகிற பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று கிழக்குக் கை, இன்னொன்று மேற்குக் கை. பிரிகிற முனையில்தான் மண் இறங்கியிருந்தது. அவர் எந்தப் பக்கம் ஓடினார் என்று யாருக்கும் தெரியாது. முனையில் ஒரு கூட்டம் நின்று தோண்டத்தான் இடம் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தோண்ட முடியாது. மேஸ்திரி தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "கூரை முனகின சத்தம் கேட்டது கிழக்குல. அவரும் கிழக்குலதான் இருப்பாரு. பதினெட்டு மீட்டர். விடாம தோண்டினா புதன்கிழமை காலைல தொட்டுடலாம்."

எங்கள் சுரங்கத்தில் ஆள் உள்ளே சிக்கினால் ஒரு வழக்கம் உண்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மணி அடிப்பார்கள். அடித்த உடனே எல்லாம் நின்றுவிடும். தோண்டுகிறவன் கடப்பாரையைக் கீழே வைப்பான். பம்பு நிற்கும். முற்றத்தில் அழுகிற குழந்தையின் வாயைத் தாய் பொத்துவாள். கால் மணி நேரம் எல்லோரும் குழாய்களில் காதை வைத்துக் கேட்பார்கள். உள்ளே இருக்கிறவன் உயிரோடு இருந்தால் குழாயைத் தட்டுவான். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடியும் மூன்று. இதற்குக் காது நேரம் என்று பெயர்.

முட்டுக்காரர் குடும்பம் என் பக்கத்து வீடு. நடுவில் ஒற்றைச் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே நான் வாழ்த்துச் சொல்லலாம். அவர் மனைவியை எல்லோரும் கையுறைக்காரி என்போம். சுரங்கத்துக்குத் தோல் கையுறை தைத்துக் கொடுப்பவள். நாளைக்குப் பன்னிரண்டு ஜோடி. கட்டைவிரலை உடம்போடு சேர்க்கிற இடம்தான் கஷ்டம் என்று சொல்லுவாள். அந்த இடத்தில் ஊசி அவள் விரலை எத்தனை தடவை பதம் பார்த்திருக்கிறதோ. ஒன்பது வயதில் ஒரு பெண், 'சின்னது' என்று கூப்பிடுவார்கள். அப்புறம் அவர் தம்பி, பம்புக்காரன். கல்யாணம் ஆகாதவன். முற்றத்தோரம் பம்பு அறையில் உட்கார்ந்து சுரங்கத்துத் தண்ணீரை மேலே இழுத்து விடுகிறவன். மூன்று வேளையும் அண்ணி கையால்தான் சாப்பாடு. ஒரு பூச்சிக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். நினைத்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சேதி கேட்டதும் கையுறைக்காரி அழவில்லை. கையில் இருந்த கையுறையை முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து வைத்துவிட்டு, தரையில் நெற்றி பட விழுந்தாள். "ஆண்டவனே, உன்னை விட்டா எனக்கு யாரு" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் வீட்டுக்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். நானும் கூட்டத்தில் ஒருத்தி.

"எழுந்திரு, எழுந்திரு. என்ன ஆயிடுச்சுன்னு இப்பவே இப்படி விழறே?" என்றாள் ஒருத்தி.

"நல்ல மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன் பாரு."

"எங்க பெரியப்பா பையன் ஒம்போது நாள் உள்ள இருந்தான். ஒம்போது நாள்! வெளிய வந்ததும் என்ன கேட்டான் தெரியுமா? பீடி கேட்டான்."

எல்லோரும் சிரித்தோம். கையுறைக்காரி தரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "ரெண்டு மாத்திரை தரேம்மா. போட்டுட்டுப் படு. காலைல எழுந்திருக்கும்போது எல்லாம் சரியாயிருக்கும்."

"என்ன சரியாயிருக்கும்?" என்று அவள் நெற்றியில் மண்ணோடு கேட்டாள்.

அவர் மாத்திரையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர், அவஸ்தைப்பட ஒருத்தி. நாங்கள் நான்கு பேராகச் சேர்ந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தோம். ஏன் தூக்கினோம் என்று இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். எனக்கும் கடவுளுக்கும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருத்தி அப்படி விழுந்து கிடப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் தெம்புக்காக ஒன்றும் தூக்கவில்லை, என் பயத்துக்காகத்தான் தூக்கினேன். மற்றவர்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழை இல்லை; சாம்பல் நிறத்தில் நின்று நிதானமாகப் பெய்கிற மழை. முற்றமெல்லாம் கரிச்சேறு. கையுறைக்காரி முந்தின நாளிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சின்னது ரொட்டியைப் பிட்டு அம்மாவின் வாயருகே கொண்டுபோகும், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பம்புக்காரன் இதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றான். அவன் கண் பழமாய்ச் சிவந்திருந்தது.

"அண்ணி, ஒரு வாய் சாப்பிடுங்க. உங்களுக்கும் ஏதாவது ஆயிட்டா இந்தப் புள்ளைக்கு யாரு?"

"சத்தம் கேட்டா சாப்பிடறேன்."

"கேக்கும் அண்ணி."

"நேத்தும் இதத்தான் சொன்னே."

பகல் பன்னிரண்டுக்கு மணி அடித்தது. எல்லாம் நின்றது. மழைச்சத்தம் மட்டும். பம்பு அறையிலிருந்து கிளம்பும் குழாய் முற்றத்தைக் கடந்துதான் சுரங்கத்துக்குள் இறங்கும். உள்ளே அது மேற்குக் கைக்குப் போகிற குழாய். கையுறைக்காரி சேற்றில் மண்டியிட்டு அந்தக் குழாயில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் கழிந்தது. திடீரென்று அவள் கையைத் தூக்கினாள்.

மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

நானும் ஓடிப்போய்க் குனிந்து காதை வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் கேட்டது. சுரங்கத்துக்கு உள்ளே முனையில் காது வைத்துக் கேட்டவனுக்கும் கேட்டது. அவன் தொலைபேசியில் மேலே கத்தினான்: "மேற்குக் குழாய்! மேற்குக் குழாய்ல தட்டறாரு!"

முற்றம் அல்லோலகல்லோலப்பட்டது. மேஸ்திரியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் உத்தரவு போட்டார்: கிழக்கே தோண்டுவதை நிறுத்து, மேற்கே திரும்பு. இரண்டு மணிக்குள் ஆட்கள் திரும்பிவிட்டார்கள்.

அன்றைக்குக் கையுறைக்காரி சாப்பிட்டாள். அவித்த உருளைக்கிழங்கும் ரொட்டியும். சாப்பிட்டுவிட்டுச் சிரித்தாள். வாய் ஓயாமல் பேசினாள்.

"அவரு தட்டற தட்டு எனக்குத் தெரியாதா அக்கா? மூணாவது தட்டுல கொஞ்சம் அழுத்துவாரு. கதவத் தட்டறப்பவும் அப்படித்தான்."

"ஆமாண்டி, ஆமா."

"நேத்து என்னமா பயந்துட்டேன்! ஆண்டவன்கிட்ட எவ்வளவு நேரம் கெஞ்சினேன். இப்ப எதுக்கு? அவரே தட்டறாரே. குழாய்ல காத வச்சா போதும்."

அப்போது எனக்கு அது தப்பாகப் படவில்லை. நானும் தலையாட்டினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் காது நேரம் வரப்போகிற சமயம். பம்பு அறை விளக்கில் ஒளி மங்குகிறது என்று காலையிலேயே பம்புக்காரன் சொல்லியிருந்தான். வேறு விளக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். முன்பக்கம் கூட்டம். பின்கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. திறந்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

பம்புக்காரன் குந்தி உட்கார்ந்திருந்தான். கையில் ஸ்பேனர். அதற்குத் துணி சுற்றியிருந்தான். குழாயின் தலைப்பில் தட்டினான். மூன்று. நிறுத்தம். மூன்று. மூன்றாவது தட்டில் கொஞ்சம் அழுத்தினான்.

வெளியே பெண்கள் "ஓ" என்று கத்துவது கேட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே காலில் விழுந்துவிட்டான்.

"அக்கா, சொல்லிடாதே. உன் காலப் புடிக்கறேன். அண்ணி செத்துடுவாங்கக்கா. ஒரு வாய் தண்ணி எறங்கல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான்னு நெனச்சேன்."

"அடப்பாவி! ஆளுங்க மேற்கே தோண்டறாங்களேடா!"

"எனக்கென்ன தெரியும்? அண்ணிக்கு மட்டும்தான் கேக்கும்னு நெனச்சேன். இந்தக் குழாய்ல எல்லாம் மேல தானேக்கா வருது? பத்து வருஷமா தண்ணி மேல வர்றதத்தான் பாத்துட்டிருக்கேன். சத்தம் கீழ போவும்னு எனக்குத் தோணவே இல்ல."

இப்படியும் ஒருவன் யோசிப்பானா என்று கேட்பீர்கள். பம்புக்காரன் யோசிப்பான். அவன் வாழ்நாளில் அந்தக் குழாயில் எதுவும் கீழே போனதில்லை.

"போய் மேஸ்திரிகிட்ட சொல்லு. இப்பவே."

"சொன்னா என்னைக் கொன்னுடுவாங்க. அது கூடப் பரவால்ல. அண்ணி?" அவன் என் கணுக்காலை விடவில்லை. "அண்ணன் மேற்கேயும் இருக்கலாம்ல அக்கா? யாருக்குத் தெரியும்? இருக்கலாம்ல?"

இருக்கலாம். நானும் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டேன். முற்றத்தில் கையுறைக்காரி சின்னதைக் கட்டிப்பிடித்துச் சுற்றுவதைக் கதவிடுக்கில் பார்த்தேன். இந்தச் சிரிப்பை நானா அடித்து நொறுக்குவேன்? இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். விளக்கை மாற்றி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பதினேழு வருஷம் ஓயாத நாக்கு, வேண்டிய அன்றைக்கு அடங்கிக் கிடந்தது.

புதன்கிழமை. காலை ஆறு மணிக்கும் தட்டு கேட்டது. நிறுத்த முடியுமா அவனால்? நிறுத்தினால் செத்துவிட்டார் என்று ஆகிவிடுமே. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய். மேற்கே மண் இறுகிக் கிடந்தது, தோண்டத் தோண்டச் சரிந்தது. அன்று காலையில் கிழக்கைத் தொட்டிருக்க வேண்டும் என்ற கணக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. விளக்குகளைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

பகலில் கையுறைக்காரி ஜன்னலுக்கு வந்தாள். தலை சீவிப் புடவை மாற்றியிருந்தாள்.

"அக்கா, மேஸ்திரிகிட்ட கேட்டிருக்கேன். குழாய் மூடியக் கழட்டி விடறேன்னாரு. கத்தினா உள்ள கேக்குமாம். இன்னிக்கு அவர்கிட்ட நான் ஒண்ணு கேக்கப் போறேன்."

"என்னடி கேக்கப் போறே?"

"அது எங்களுக்குள்ள." வெட்கப்பட்டாள். முப்பத்தைந்து வயது, சேற்றில் நின்றுகொண்டு வெட்கப்பட்டாள்.

பன்னிரண்டு மணி. மூடியைக் கழற்றினார்கள். பம்பு அறை அங்கிருந்து ஐந்து தப்படி. அவள் குழாய் வாய்க்குள் தலையைக் கொடுக்காத குறையாகக் குனிந்து கத்தினாள்.

"என்னங்க! நமக்கு எத்தனை புள்ளைங்க? தட்டுங்க!"

பெண்கள் கெக்கலித்துச் சிரித்தார்கள். "இதக் கூடவா மறந்திருப்பாரு!" என்றாள் ஒருத்தி. கையுறைக்காரி குழாயில் காதை வைத்தாள்.

ஒரு தட்டு.

"ஒண்ணு!" என்று கூட்டம் கத்தியது. "சரியாச் சொல்லிட்டாரு! கெட்டிக்காரருதான்!"

அவள் காதை எடுக்கவில்லை. இன்னும் எதற்கோ காத்திருந்தாள். "இன்னொண்ணு" என்று வாய்க்குள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. கால் மணி நேரம் முடிந்து மணி அடித்தது. பம்பு ஓடத் தொடங்கியது. அப்போதும் அவள் காது அங்கேதான் இருந்தது. மேஸ்திரி வந்து தோளைத் தொட்டதும் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

நானும் பின்னாலேயே போய் என் வீட்டுக்குள் நுழைந்தேன். ஒற்றைச் சுவர்தானே. அவள் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு குரல் கேட்டது. அழுகை இல்லை. சண்டைக்காரியின் குரல்.

"ஆண்டவனே, ரெண்டுன்னு தட்டணும். அவருன்னா ரெண்டுன்னுதான் தட்டுவாரு. மூணே நாள் இருந்துட்டுப் போச்சே என் மூத்தது, முன்ன இருந்த ஊர்ல, யாருக்கும் தெரியாம ரெண்டு பேரும்தானே பொதச்சோம். எத்தனை புள்ளைன்னு நான் கேட்டா அவரு ரெண்டுன்னுதான் சொல்லுவாரு. ஒரு தடவையும் மாத்திச் சொன்னதில்ல. குழாய்க்குள்ள இருக்கறது அவரு இல்ல. நேத்து உன்னை விட்டுட்டு அந்தக் குழாயக் கும்பிட்டேன். இரும்புல காத வச்சா போதும்னு சொன்னேன். தப்புதான். அடிச்சுக்கோ. ஆனா என்னைப் பொய்க்கு நடுவுல போட்டுக் கொல்லாதே. அவரு இருந்தா இருக்காருன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. ஆறுதல் வேணாம் எனக்கு. எல்லாரும் குடுத்துட்டாங்க. நீ உண்மையக் குடு. உன்கிட்டதான் அது இருக்கு."

அவளுக்கு அப்படி ஒரு மூத்த பிள்ளை இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு சுவர் தள்ளி ஏழு வருஷம் இருந்திருக்கிறேன்.

அவள் எழுந்து நேராக மேஸ்திரியிடம் போனாள். நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

"அது என் புருஷன் இல்ல. கிழக்கே தோண்டுங்க."

"என்னம்மா பேசறே? ஊரே கேட்டுச்சே. உன் காதாலயும் கேட்டியே."

"கேட்டேன். அவரு இல்ல."

"தூக்கமில்லாததால இப்படி. போய்ப் படும்மா."

மருந்துக்கடைக்காரர் எங்கிருந்தோ முளைத்தார். "நான் அன்னிக்கே சொன்னேன். இந்தா, ரெண்டு போதாது, மூணு போடு." இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடிக்க, அவர் மாத்திரையை வாய்க்குள் திணித்தார். அன்பாகத்தான் திணித்தார். கையுறைக்காரி அதை அவர் சட்டை மேலேயே துப்பினாள். "பைத்தியம் புடிச்சிடுச்சு பாவம்" என்று யாரோ சொன்னார்கள். சின்னது ஓவென்று அழுதது.

அவள் என் ஜன்னலுக்கு வந்தபோது மணி நான்கு. ஆணியில் அந்த ஒரு வில்லை எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, உனக்கு வாய் நீளம். எல்லாரையும் திட்டுவே. ஆனா பொய் சொல்ல மாட்டே. தட்டறது யாரு?"

"எனக்கென்னடி தெரியும்?" என்றேன் முதலில். அப்படித்தான் சொன்னேன்.

அவள் போகவில்லை, நின்றாள். கெஞ்சவும் இல்லை. அவள் என்னை நம்பியா நின்றாள்? ஆண்டவனிடம் கேட்டதற்குப் பதில் வரும் என்று நின்றாள். அது எனக்குப் புரிந்ததும் நாக்கு தானாக அவிழ்ந்தது.

"உன் கொழுந்தன். நேத்து சாயங்காலமே பாத்துட்டேன். சொல்லல."

அறைவாள் என்று முகத்தைக் கொடுத்தேன். அறையவில்லை. திரும்பிப் பம்பு அறைக்குள் போய், அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சேற்றில் இழுத்துக்கொண்டு வந்தாள். அவனும் மாடு மாதிரி வந்தான். மேஸ்திரியின் முன்னால் அவனைத் தள்ளினாள். "சொல்லு" என்றாள். அவன் சொன்னான். பிறகு நானும் சொன்னேன். மேஸ்திரி கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. அடிக்கக்கூட நேரம் இல்லை. ஐந்து மணிக்கு ஆட்கள் கிழக்கே திரும்பினார்கள்.

இருபத்தேழு மணி நேரம். நான் எண்ணிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் கிழக்குக் கை திறந்தது. முட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். சரிவு அவரைத் தொடவே இல்லை. உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. காற்று தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். கையில் சுத்தியல். பக்கத்தில் ஓடிய குழாய் நசுங்க நசுங்கத் தட்டியிருக்கிறார். அந்தக் குழாய் சரிவில் அறுந்து கிடந்ததால் ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. கடைசியாக அவர் வைத்த முட்டில் சாக்குக்கட்டியால் கோடுகள். கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு காது நேரத்துக்கும் தட்டிவிட்டு ஒரு கோடு. ஒன்பது கோடு. திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒன்பது.

மேஸ்திரி, டாக்டர், மருந்துக்கடைக்காரர், நான், நான்கு பேரும் விளக்கறைக்குள் நின்றோம். வெளியே சடலத்தைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க பாருங்க," என்றார் மேஸ்திரி. கூச்சப்பட்டுக்கொண்டே பேசினார். "கோட்ட அழிக்கச் சொல்லிட்டேன். திங்கட்கிழமையே போயிட்டாருன்னு சொல்லிடலாம். சரிஞ்ச நிமிஷமே. வலியே இல்லன்னு. அந்தப் பம்புக்காரப் பையனும் பொழச்சுப் போவான். இல்லன்னா அவ அவனை எப்படிப் பாப்பா? ஒரே வீட்ல இருக்கணுமே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஆட்சேபணை இல்ல."

"நீதான் சொல்லணும்மா," என்றார் மருந்துக்கடைக்காரர் என்னிடம். "நீ சொன்னா நம்புவா. நீ பொய் சொல்ல மாட்டேன்னு அவளுக்கு ஒரு இது."

நல்லவர்கள்தான். ஒருத்தர்கூடக் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை.

வெளியே போனேன். மழை விட்டிருந்தது. பெண்கள் எனக்கு வழி விட்டார்கள். கையுறைக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்ப?"

வாயில் 'திங்கட்கிழமை' வந்து நின்றது. எவ்வளவு சின்ன வார்த்தை. சொல்லியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள், நாங்கள் தேற்றியிருப்போம், பத்து நாளில் கையுறை தைக்க உட்கார்ந்திருப்பாள்.

"நேத்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருந்திருக்காரு," என்றேன்.

பின்னால் மேஸ்திரி "ஐயோ" என்றார்.

அவள் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். பிறகு கேட்டாள்: "தோண்டற சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்."

"செவ்வாக்கிழமை நின்னது?"

"அதுவும்."

"மறுபடி ஆரம்பிச்சது?"

"கேட்டிருக்கும்டி. நேத்து அஞ்சு மணிக்கு மறுபடி ஆரம்பிச்சோம். அதுக்கப்புறமும் ஒரு கோடு போட்டிருக்காரு."

அவள் தலையை ஆட்டினாள். கணக்குச் சரி என்பது போல. பிறகு சடலத்தின் பக்கத்தில், கரிச்சேற்றில், நெற்றி பட விழுந்தாள். "கேட்டேன். குடுத்துட்டே" என்றாள். நன்றியா வசவா என்று எனக்குத் தெரியவில்லை. தோள்கள் குலுங்கத் தொடங்கின. நான்கு நாளில் அப்போதுதான் அழுதாள். பெண்கள் தூக்க ஓடி வந்தார்கள். "எழுந்திரு, எழுந்திரு, அவரு நல்ல எடத்துக்குத்தான்..." என்று ஆரம்பித்தவளை நான் பிடித்துத் தள்ளினேன். "கிட்ட வந்தே, பல்ல ஒடச்சிடுவேன். கெடக்கட்டும் விடு. அவ யார்கிட்ட பேசணுமோ பேசறா."

எவ்வளவு நேரம் கிடந்தாளோ. கூட்டம் கலைந்தது. பம்புக்காரன் பம்பு அறைப் பக்கமிருந்து தவழ்ந்து வந்தான். நடக்க முடியாதவன் மாதிரி தவழ்ந்தே வந்தான். அவள் காலடியில் முகத்தைப் புதைத்தான்.

"அண்ணி... நீங்க சாப்பிடணும்னுதான் அண்ணி... மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன். ஒரே ஒரு வார்த்த."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் கரி. அவன் தலையில் கை வைத்தாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லட்டுமே என்றுகூட என் மனம் அடித்துக்கொண்டது. அவனோடு சேர்த்து எனக்கும் ஒன்று கிடைத்துவிடுமே என்ற நப்பாசை.

"என்கிட்ட இல்லடா," என்றாள். குரலில் கோபமே இல்லை. "உள்ள தேடிப் பாத்துட்டேன். இல்ல. இருக்குன்னு சொன்னா அதுவும் உன் தட்டு மாதிரிதான்."

அவன் தலையைத் தன் கையாலேயே அழுத்தி, நெற்றி சேற்றில் படும்வரை குனிய வைத்தாள்.

"அங்க கேளு. குடுத்தா எனக்கும் சேத்து வாங்கிட்டு வா."

பிறகு என் பக்கம் திரும்பினாள். சற்று நகர்ந்து தன் பக்கத்தில் சேற்றில் கொஞ்சம் இடம் விட்டாள்.

என் முழங்கால் அன்றைக்குத்தான் முதல்முறை தரையைத் தொட்டது.